மாநிலத்துக்கு மேலே இரண்டு புள்ளி

வெங்கடலட்சுமி டீச்சருக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்துத்தான் பார்ப்பார். பீளமேட்டு வீட்டில் இட்லி வெந்து இறங்கினால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். போன வாரத்து இட்லிக்கு இது பரவாயில்லை என்பார். கணவர் அரங்கசாமி ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர், குறும்புக்காரர். கல்யாணமான புதிதில், மாநிலத்து மாப்பிள்ளைகளின் சராசரிக்கு நான் மேலேயா கீழேயா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேலேதான் என்றாராம். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் தன்னால் மன்னிக்கவே முடியவில்லை என்று அரங்கசாமி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். டீச்சரின் அப்பா பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். தெலுங்கு பேசுகிற வீடு. கணக்கில் தொண்ணூறு வாங்கி வந்தேன் என்று மகள் ஓடிவந்து நின்றால், வகுப்பில் முதல் மார்க் எத்தனை என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தொண்ணூறின் சந்தோஷம் அந்தக் கேள்வியிலேயே கரைந்துவிடும். ஆனால் அந்தக் கேள்விதான் தன்னை பி.எஸ்ஸி. வரைக்கும், அப்புறம் பி.எட். வரைக்கும் கொண்டுவந்து விட்டது என்று டீச்சர் உறுதியாக நம்பினார். தன்னை வளர்த்த மருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்கள்தானே வாத்தியார் வேலைக்கு வருகிறார்கள்.

1992 ஜூனில் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு கிடைத்தது. ஊர் நாச்சிவலசு. வெள்ளகோவிலிலிருந்து உள்ளே போகிற சின்ன டவுன். விசைத்தறிக் கூடங்களும் தேங்காய்க் களங்களும் முருங்கைக் காடுகளும் சூழ்ந்த ஊர். பத்தாவது வரைக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி உண்டு. பதினொன்று படிக்க வேண்டுமானால் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏற வேண்டும். பையன்கள் ஏறினார்கள். பெண்பிள்ளைகளில் பாதிப்பேரை வீட்டார் ஏற்றவில்லை. டீச்சர் பள்ளிக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் காங்கயம், பல்லடம் வழியாகக் கோயமுத்தூர் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார்.

வந்த ஒரு மாதத்துக்குள் மாவட்டக் கூட்டம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பற்றித் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற கூட்டம். அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாநிலத் தேர்ச்சி விழுக்காட்டுக்கு மேலே போன பள்ளிகளுக்கு முன்வரிசை நாற்காலி. கீழே இருக்கிற பள்ளிகளுக்குப் பின்வரிசை. பின்வரிசைக்காரர்கள் பெயர் சொன்னதும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அடுத்த பெயர் வாசிக்கும்வரை உட்காரக் கூடாது. நாச்சிவலசு மாநிலத்துக்குப் பதினோரு புள்ளி கீழே. யாரோ நடத்திய பள்ளி, யாரோ எழுதிய பரீட்சை, ஆனால் நின்றது வெங்கடலட்சுமி டீச்சர். வாழ்நாள் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. கண்டக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மறுநாள் ஆசிரியர்களைக் கூப்பிட்டு, பக்கத்து ஊர்ப் பள்ளிகள் மட்டும் எப்படி மேலே போகின்றன என்று கேட்டார். கணக்கு வாத்தியார் பொங்கியண்ணன் மற்றவர்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். இந்தக் கேள்வியை இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையே என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"அவங்கெல்லாம் ஒம்பதாவதுலயே களை எடுத்துப்போடறாங்க மேடம். நாமதான் அப்படியே உட்டுப்போடறோம்."

களை எடுப்பு என்பது இதுதான். ஒன்பதாவது முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பத்தாவதில் தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார்கள். எழுதுகிறவர் எண்ணிக்கை குறையும், தேறுகிறவர் விழுக்காடு ஏறும். அதில் சட்ட விரோதம் ஒன்றும் இல்லை. நிறுத்திவைத்த பிள்ளை இன்னொரு வருஷம் ஒன்பதாவது படித்து, பலப்பட்டு, பிறகு பத்துக்குப் போகும். எல்லாம் அதன் நன்மைக்குத்தான். டீச்சருக்கு இதில் கடைசி வாக்கியம் பிடித்திருந்தது. பிடித்த வாக்கியத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

1993 மே மாதம் முதல் களை எடுப்பு நடந்தது. பதினான்கு பேரை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் பள்ளி மாநிலத்தை எட்டிப்பிடித்தது. அதற்கடுத்த வருஷம் இரண்டு புள்ளி மேலே போனது. ஜூன் மாதம் பேப்பரில் நம்பர்கள் வந்த அன்று, டீச்சர் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லி, மேல் வரியில் மாநிலம், கீழ் வரியில் நம் பள்ளி என்று தன் கையாலேயே எழுதினார். சந்தைக்கு வந்தவர்களெல்லாம் நின்று படித்துவிட்டுப் போனார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் லட்சுமணசாமி, நான்கு தறிக்கூடத்துக்குச் சொந்தக்காரர், ஒரு சால்வையோடு வந்துவிட்டார். பன்னிரண்டாவது வரைக்கும் பள்ளியை உயர்த்த வேண்டுமென்று பல வருஷமாக மனு எழுதிக் கை ஓய்ந்தவர் அவர். பள்ளி இப்படியே மாநிலத்துக்கு மேலேயே இன்னும் இரண்டு வருஷம் நின்றால் மேலிடத்தில் மறுப்புச் சொல்ல முடியாது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் சொல்லிச் சொல்லி அது ஊர் நம்பிக்கையாகவே ஆகிவிட்டது.

மாவட்டக் கூட்டத்தில் டீச்சருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், பக்கத்து நாற்காலிக்காரர் எத்தனை புள்ளி மேலே என்று கேட்டதுதான்.

1996 ஏப்ரல் கடைசியில், பரீட்சைத் தாள்கள் திருத்தி முடிகிற நேரத்தில், ஓர் அம்மா டீச்சரைப் பார்க்க வந்தார். பெயர் உம்மல் குல்சும். தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடுகிற வேலை. புடவைத் தலைப்பில் தேங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே மகள் சாஜிதா பேகம், ஒன்பதாம் வகுப்பு. தமிழில் நல்ல பிள்ளை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கு மட்டும் அவளைக் கண்டால் ஓடும், அல்லது அவள் கணக்கைக் கண்டால் ஓடுவாள். அந்த வருஷ நிறுத்தல் பேச்சில் அவள் பெயர் முதலிலேயே அடிபட்டாயிற்று. அது எப்படியோ வெளியே கசிந்து களம் வரைக்கும் போயிருக்கிறது.

டீச்சர் அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. டீச்சர் தனக்குப் பிடித்த வாக்கியத்தைச் சொன்னார்: ஒரு வருஷம்தான், பிள்ளை பலப்பட்டு வரும், எல்லாம் அவள் நன்மைக்குத்தான்.

"இதையேதானுங்க டீச்சர் எம் பெரிய புள்ளைக்கும் சொன்னீங்க" என்றார் உம்மல் குல்சும்.

டீச்சருக்கு நினைவு வரவில்லை. அந்த அம்மாவே எடுத்துச் சொன்னார். பெரியவள் மெகருன்னிசா, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்பதில் நிறுத்தப்பட்டவள். முதல் களை எடுப்பில் போனவர்களில் ஒருத்தி. கூடப் படித்தவர்கள் பத்துக்குப் போய்விட, தங்கை வயதுப் பிள்ளைகளோடு அதே பெஞ்சில் மறுபடி உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு ஜூனில் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற பெண் எதற்கு என்று அவளுடைய மாமன் திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குச் சேர்த்துவிட்டார். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. சாஜிதாவையும் நிறுத்தினால் ஜூன் மாதம் அவளையும் கூட்டிப்போக அந்த மாமன் இப்போதே தயாராக இருக்கிறார்.

"பத்தாவதுன்னு பேரு இருந்தா, பரீட்சை முடியட்டும்னு அவுரு வாயை அடைச்சுப்போடுவனுங்க. ஒம்பதாவதுலயே ரெண்டாந்தடவைன்னா நான் என்னன்னுங்க சொல்றது?"

அதற்கு மேல் அந்த அம்மா கெஞ்சவில்லை. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். சாஜிதா மட்டும் வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் பொங்கியண்ணனைக் கூப்பிட்டு, இதுவரைக்கும் நிறுத்தினவர்களில் எத்தனை பேர் மறுவருஷம் ஒன்பதாவது படித்துப் பத்துக்குப் போனார்கள் என்று கேட்டார். பொங்கியண்ணன் கெட்ட மனிதர் இல்லை. விரல் விட்டு எண்ணினார். ஒரு கையிலேயே விரல் மிச்சமாகிவிட்டது. மற்றவர்கள் எங்கே என்றதற்குத் தறிக்கூடம், பனியன் கம்பெனி, கோழிப் பண்ணை, கல்யாணம் என்று வரிசையாகச் சொன்னார். ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்றார் டீச்சர். வராத பிள்ளைகளின் பேரை நீக்கச் சொல்லி மேடம்தானே வருஷா வருஷம் கையெழுத்துப் போடறீங்க என்று அவர் மரியாதையாகவே சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் பீளமேட்டுக்குப் போனார். சாப்பிடும்போது அரங்கசாமி வழக்கம்போல, இன்றைக்குச் சாம்பார் சராசரிக்கு மேலேயா கீழேயா என்று சீண்டிப் பார்த்தார். டீச்சர் பதிலுக்கு, தன் பள்ளி இரண்டு புள்ளி மேலே என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது எதற்கு மேலே என்று கணவரிடம் கேட்டார். மாநிலத்துக்கு என்றார் அவர். மாநிலம் என்பது யார் என்று கேட்டு டீச்சர் தானே பதிலும் சொன்னார். எல்லா ஊரிலும் எல்லாரும் முறத்தில் புடைத்து, சொத்தையைக் கீழே தள்ளிவிட்டு, மிச்சத்தை எண்ணிச் சொல்வதுதான் மாநிலம். அதைவிடக் கொஞ்சம் பலமாகப் புடைத்தால் நாம் மேலே. கீழே சிந்தினது எந்த ஊர்க் கணக்கிலும் வருவதில்லை. ஆயிரத்தெட்டை ஒப்பிட்டுப் பார்த்த மனுஷி நான், ஜூன் மாதம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் போன ஜூனோடு ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லையே என்றார். அரங்கசாமி குறும்பை விட்டுவிட்டு மனைவியின் தட்டில் மோர் ஊற்றினார்.

மே மாதம் மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது, இந்த வருஷம் யாரையும் நிறுத்தப்போவதில்லை என்று டீச்சர் சொன்னார். பொங்கியண்ணன் சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எழுபது பேரை ஒரு வகுப்பில் எப்படி உட்காரவைக்கிறது என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. லட்சுமணசாமி செய்தி கேட்டு அன்றைக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா, பன்னிரண்டாவது வந்துவிட்டால் ஊர்ப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் மேலே படிப்பார்கள் என்று கேட்டார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எத்தனையோ பெண்களுக்காக ஒருத்தியை நிறுத்துவதா, ஒருத்திக்காக அத்தனை பேரையும் காக்கவைப்பதா என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. டீச்சருக்கு விடை தெரிந்து செய்யவில்லை. வாசலில் திரும்பிப் பார்த்த ஒரு முகத்தை நிறுத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் முழுக்க டீச்சர் சாயங்காலம் கூடுதல் வகுப்பு எடுத்தார். பீளமேட்டுப் பயணம் மாதம் ஒருமுறை ஆயிற்று. பொங்கியண்ணன் முதலில் முணுமுணுத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே தானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார். சாஜிதா இயற்கணிதத்தோடு மல்லுக்கு நின்றாள். சில நாள் அவள் ஜெயித்தாள். பல நாள் அது ஜெயித்தது. அந்த அம்மா களத்திலிருந்து வந்து பள்ளி வாசலில் நின்று மகளைக் கூட்டிப்போவார். வெளியே நிற்கிறவரை உள்ளே வரச் சொன்னாலும் வர மாட்டார்.

1997 ஜூனில் பேப்பர் வந்தது. மாநிலம் முந்தைய வருஷத்தைவிட ஏறியிருந்தது. நாச்சிவலசு மாநிலத்துக்கு ஒன்பது புள்ளி கீழே. டீச்சர் நம்பர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். சாஜிதாவின் நம்பர் இல்லை. மார்க் வந்தபோது தெரிந்தது. மற்ற நான்கு பாடமும் தேர்ச்சி, கணக்கு மட்டும் நான்கு மார்க்கில் போய்விட்டது.

மாவட்டக் கூட்டத்தில் பின்வரிசை. பெயர் வாசித்ததும் எழுந்து நின்றார். காரணம் கேட்டார்கள். நிறுத்தாமல் எல்லாரையும் எழுதவைத்தேன் என்றார். மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. பெரிய பேச்சு எதையோ மனசுக்குள் தயார் செய்துகொண்டு போயிருந்தார். அடுத்த பெயர் வாசித்தார்கள், உட்கார்ந்தார்.

ஆடி மாதத்தில் செய்தி வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வேறொரு ஊருக்குப் போய்விட்டது. அதற்கும் இந்தத் தேர்ச்சி விழுக்காட்டுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, ஊருக்குச் சம்பந்தம் தெளிவாகத் தெரிந்தது. லட்சுமணசாமி பள்ளிக்கு வந்து நின்றவாறே சொன்னார்.

"தேரை நெலை வரைக்கும் இழுத்துட்டு வந்து முக்குல உட்டுப்போட்டீங்க டீச்சரம்மா."

அவர் போன பிறகு டீச்சர் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பள்ளியின் பெயர் போயிற்று, பெண்பிள்ளைகளின் பன்னிரண்டாவது போயிற்று, யாருக்காக இதையெல்லாம் விட்டோமோ அவளும் தேறவில்லை. எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் நஷ்டமாகவே வந்தது. உண்மையைச் சொன்னால் தான் செய்தது வெறும் அசட்டுத்தனமோ என்று அவருக்கே பயமாக இருந்தது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவர் தேங்காய்க் களத்துப் பக்கமே போகவில்லை. கடைக்குப் போவதற்குக்கூடச் சுற்றுவழியாகப் போய்வந்தார்.

அப்போதுதான் உம்மல் குல்சும் சாஜிதாவோடு உள்ளே வந்தார். இந்த முறை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ, செப்டம்பர் பரீட்சைக்கு எங்கே போய்ப் பணம் கட்ட வேண்டும் என்று விசாரிக்க வந்திருந்தார். டீச்சர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா விடவில்லை.

"பெரியவளுக்கு எழுதறதுக்கே எடமில்லாமப் போச்சுங்க டீச்சர். இவளுக்கு ஒரு பாடந்தானுங்களே பாக்கி. ஒம்பதாவதுல நின்னவளுக்கும் பத்தாவதுல ஒண்ணு போனவளுக்கும் வித்தியாசமில்லீங்களா?"

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார். பெரியவளும் எழுதலாமே என்றார். வயது இருக்கிறது, தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது, அக்காவும் தங்கையும் சாயங்காலம் ஒன்றாக வரட்டும், கணக்கு நானே சொல்லித்தருகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். பேசப் பேச முகம் தெளிந்துகொண்டே வந்தது. எங்கே அவள், திருப்பூரில்தானே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

உம்மல் குல்சும் கையிலிருந்த பையைத் திறந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அவளுக்கு வர்ற மாசம் நிக்காஹ் வெச்சிருக்குதுங்க. டீச்சர் கண்டிப்பா வரோணுமுங்க."

டீச்சர் அதை வாங்கினார். மணமகள் பெயரைப் படித்தார். மெகருன்னிசா. மணமகன் பெயருக்குப் பின்னால் படிப்பு போட்டிருந்தது. அவள் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர அவர் எவ்வளவோ முயன்றார். வரவில்லை. வெங்கடலட்சுமி டீச்சர், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறந்து, அழுதார்.

உம்மல் குல்சுமுக்குச் சங்கடமாகிவிட்டது. தன் மகள் தேறாததற்குத்தான் டீச்சர் இப்படி அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து அவர் தோளைத் தொட்டார்.

"உடுங்க டீச்சர். செப்டம்பர்ல எழுதிப்போடுவா."